வலைக்காரரின் வலது கை

அந்தத் தெருவில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லோரும் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள்தான். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அக்கா அதை ஓங்கி மிதித்தால் பழகுகிறவரின் நெற்றி கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பும். அப்படி வந்த பெயர் அது. அவள் புருஷனுக்கும் தெரு ஒரு பெயர் வைத்திருந்தது: வலைக்காரர். அவர் மீன் பிடித்ததில்லை, மீன் சாப்பிடவும் மாட்டார். வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்து, கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இணையதளம் செய்துகொடுப்பவர்.

படம், எழுத்து, பட்டன் எல்லாவற்றையும் மவுஸால் இழுத்து வேண்டிய இடத்தில் போட்டால் பக்கம் தானாகவே உருவாகிற கருவிகள் வந்து வெகுகாலமாகிவிட்டது. வலைக்காரர் அவற்றைத் தொடமாட்டார். ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு குறியையும் தன் விரலால் தட்டித்தான் எழுதுவார். "ரெடிமேட் சட்டை எல்லாருக்கும் நுழையும், ஒருத்தனுக்கும் பொருந்தாது" என்பார். சொன்னதையே சொல்வார். அக்காவுக்கு அது மனப்பாடம்.

அந்தக் கைதான் இப்போது படுத்துவிட்டது. காலமெல்லாம் தட்டித் தட்டி, மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்கி, கடைசியில் சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியாமல் போயிற்று. கை டாக்டர் உள்ளே அறுத்துவிட்டு, தையல் போட்டு, முழங்கை வரை ஒரு பட்டையைக் கட்டி அனுப்பினார். மழைக்காலம் முடிகிற வரை கீபோர்டு பக்கமே போகக்கூடாது, போனால் கட்டைவிரல் பிடிப்பு திரும்பாது, அப்புறம் தன்னிடம் வரவேண்டாம் என்று கறாராகச் சொன்னார். இடது கையும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது, அதற்கும் ஓய்வு என்றார். ஊரெல்லாம் தன் கைவேலையைச் சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். 

வேலை மட்டும் நிற்கவில்லை. கண் மருத்துவமனை ஒன்று புதுக் கிளை திறந்திருந்தது. அதற்கு ஒரு பக்கம் வேண்டும் என்று கண் டாக்டரம்மா கேட்டிருந்தார். வலைக்காரர் முதன்முதலாகச் செய்த தளம் அவருடையதுதான். அதை விடவும் முடியவில்லை, செய்யவும் முடியவில்லை.

"நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்" என்றாள் அக்கா. மழையால் மத்தியான வகுப்புகள் எல்லாம் ரத்தாகியிருந்தன.

"உனக்கு இது வராதும்மா."

"ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம அழுதவங்களையெல்லாம் ஹைவேயில ஓட்ட வெச்சிருக்கேன். எனக்கு வராதா?"

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, உட்காரு. ஆனா ஒண்ணு. நான் சொல்றதை அப்படியே அடி. நீயா எதுவும் யோசிக்காத."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மேஜையைத் துடைத்திருக்கிறாளே தவிர அதன் முன்னால் உட்கார்ந்ததில்லை. திரையில் வண்ண வண்ண எறும்பு மாதிரி வரிகள் ஓடும்; என்னவென்று கேட்டால் "அப்புறம்" என்பார். அந்த அப்புறம் இன்றைக்குத்தான் வந்திருக்கிறது என்று அவளுக்குள் ஒரு குறுகுறுப்பு.

"லெஸ் தேன் போடு."

"அது எங்க இருக்கு?"

"அதான்... வாயைத் திறந்துக்கிட்டு இருக்குமே."

"எந்தப் பக்கம் திறந்துக்கிட்டு?"

"அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னா எனக்கு ஆகாது. லெஃப்ட்டா ரைட்டா? வண்டியில நான் அப்படிச் சொன்னா, பழகுறவன் கடைக்குள்ள விட்டுடுவான்."

"ரைட்டும்மா, ரைட்டு. இப்போ டிவ்னு அடி. அடிச்சிட்டு லெஃப்ட்டுல வாய் திறந்தது ஒண்ணு."

"டிவ்னா?"

"பெட்டி. நாம பண்ற பக்கத்துல இருக்குற எல்லாமே ஏதாவது ஒரு பெட்டிக்குள்ளதான் இருக்கும். திறந்தா மூடணும். மூடும்போது சாய்ஞ்ச கோடு ஒண்ணு வரும்."

"எந்தப் பக்கம் சாய்ஞ்சது?"

"முன்னால குனியறாப்புல."

"யாரு, நீங்க வேலை பார்க்கும்போது குனிவீங்களே, அப்படியா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அவள் விரல் தப்பான இடத்துக்குப் போகும்போதெல்லாம் காலால் தரையை அழுத்தினார். அக்கா அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். தினமும் அவள் செய்வதுதான். ஆனால் அவள் காலடியில் நிஜமாகவே ஒரு பிரேக் இருக்கிறது. பாவம், இவருக்கு அதுகூட இல்லை.

இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கம் வளர்ந்தது. ஒரு குறியை விட்டால் பக்கம் முழுவதும் குப்புறக் கவிழ்ந்தது. திரும்பப் போட்டால் எழுந்து நின்றது. அக்காவுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. "ஏங்க, இத்துணூண்டு கோடு இவ்வளவு வேலை பண்ணுதா?" என்று கேட்டால், "பேசாம அடி" என்று பதில் வந்தது. அவளும் பேசாமல் அடித்தாள். குறிகள் முடிந்து, நோயாளிகளுக்கான குறிப்புகள் தொடங்கின.

"கண்ணில் சொட்டு மருந்து விட்ட பிறகு..." என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அவள் அடித்தாள். "சில மணி நேரம்... பால் பொங்குது, போய் அணை... வண்டி ஓட்டக்கூடாது."

அக்கா முழுதும் அடித்துவிட்டு எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

பக்கம் முடிந்ததும் வலைக்காரர் திரையில் முகத்தைப் பதித்து ஒவ்வொரு குறியையும் சோதித்தார். திறந்த பெட்டியெல்லாம் மூடியிருக்கிறதா என்று பார்த்தார். வாசகத்தை அவர் எப்போதுமே படிப்பதில்லை. அது வாடிக்கையாளர் சொன்னது, அதில் தனக்கென்ன என்பது அவர் கொள்கை. திருப்தியாகத் தலையாட்டி, பக்கத்தை ஏற்றச் சொன்னார்.

மறுநாள் காலையில் கண் டாக்டரம்மாவே கூப்பிட்டார். அக்கா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் புருஷன் முன்னால் வைத்தாள்.

"என்ன சார் இது, சொட்டு மருந்து விட்ட பிறகு பால் பொங்குது, போய் அணைன்னு போட்டிருக்கீங்க? ஒரு பெரியம்மா காலையிலயே ஃபோன் பண்ணி, 'மருந்து விட்டுக்கிட்டு அடுப்புப் பக்கம் போகணுமா, போகக்கூடாதா'ன்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வலைக்காரரின் முகம் செத்துப்போயிற்று. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் இந்த யானை சறுக்கியது தன் வீட்டுப் பாலில்.

"உடனே எடுத்துடறேன் டாக்டர். தப்பு நடந்துபோச்சு."

"அது போகட்டும், சிரிச்சுட்டு விட்டுட்டோம். இன்னொண்ணு சொல்லணும். எங்ககிட்ட வர்றவங்க பாதிப்பேர் ஃபோன்ல எழுத்தைப் பெருசு பண்ணித்தான் படிப்பாங்க. கண் தெரியாமத்தானே வர்றாங்க? பெருசு பண்ணினா உங்க பக்கத்துல அப்பாயின்ட்மென்ட் பட்டனே காணாமப் போயிடுது. புதுப் பக்கம் மட்டும் இல்ல, எல்லாப் பக்கத்துலயும் அப்படித்தான். யாரும் இத்தனை நாள் சொல்லல, நானும் கவனிக்கல." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "உங்க மைத்துனர் கண்ணாடி மாத்த வந்தப்போ மாதிரிக்கு ஒரு பக்கம் பண்ணிக் காட்டினார். அதுல அப்படி ஆகல. உங்களை விட்டுட எனக்கு மனசு இல்ல. வாரக் கடைசிக்குள்ள ரெண்டு பேரோடதையும் காட்டுங்க, பார்த்துட்டு முடிவு பண்றேன்."

மைத்துனர் என்றது அக்காவின் தம்பியைத்தான். அவன் இழுத்துப் போடும் கருவிக்காரன். டீ ஆறுவதற்குள் ஒரு தளம் செய்துவிடுவான். மாமாவுக்குக் கை சரியில்லையே, நாமாவது பார்ப்போம் என்று நல்லெண்ணத்தில்தான் செய்திருந்தான். ஆனால் வலைக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "கை ஆறினா மட்டும் என்ன ஆகப்போகுது" என்று ஒரு தரம் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை, ஜன்னலிடம் சொன்னார்.

அடுத்த நாள் அக்காவின் வகுப்பு பாதியில் முடிந்தது. பழகிக்கொண்டிருந்த பெண் காரைக் குப்பைத்தொட்டியில் கொண்டுபோய்ச் சாத்திவிட்டாள். அக்கா வீட்டுப் படியேறும்போதே அந்தச் சத்தம் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுப் பழகிய கீபோர்டுச் சத்தம்தான், ஆனால் தடுக்கித் தடுக்கி வந்தது. கதவைத் தள்ளினாள். அவர் பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, வீங்கிய வலது கையால் தட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"எடுங்க கையை!"

அவர் எடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம்தான். எங்க தப்புன்னு கண்டுபிடிச்சிட்டா..."

அக்கா சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள். திரை இருண்டது.

"டாக்டர் என்ன சொன்னார்? பிடிப்பு போயிடும்னு சொன்னாரா இல்லையா?"

"போனா போகட்டும். உன் தம்பி இழுத்துப் போடட்டும், ஊரே இழுத்துப் போடட்டும். எனக்கு வேற என்ன தெரியும்? இது இல்லன்னா நான் யாரு?"

"கை போனா ஒரு டம்ளர் தண்ணிகூட எடுத்துக் குடிக்க முடியாது, தெரியுமா? நீங்க வலைக்காரரா இருக்குறது உங்களுக்குப் பெருசா இருக்கலாம். எனக்கு அந்தக் கை முழுசா வேணும். தூக்கத்துல என் மேல விழுற கை அது. அதை யாரைக் கேட்டு உடைக்கிறீங்க?" சொல்லிக்கொண்டே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழுது தெருவில் யாரும் பார்த்ததில்லை. அவரும் அதிகம் பார்த்ததில்லை. கையை நீட்டினார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பட்டையைக் கட்டிவிட்டாள்.

பிறகு தம்பிக்கு ஃபோன் போட்டு, "உன் பொட்டியைத் தூக்கிக்கிட்டு உடனே வா" என்றாள்.

தம்பி மழையில் நனைந்து வந்தான். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மாமா, நான் உங்க வேலையைப் பிடுங்கணும்னு..."

"உள்ள வா மாப்ள. தலையைத் துவட்டு முதல்ல" என்றார் வலைக்காரர். குரலில் கோபம் இல்லை, தெம்பும் இல்லை.

தம்பி லேப்டாப்பைத் திறந்து, தான் செய்த பக்கத்தைக் காட்டினான். அந்தப் பக்கத்தைவிட அதைச் செய்யும் விதத்தைத்தான் அக்கா வேடிக்கை பார்த்தாள். ஒரு படத்தைப் பிடித்து இழுத்தான், வந்து உட்கார்ந்தது. பட்டனை இழுத்தான், அதுவும் உட்கார்ந்தது. ஒரு வரிகூட எழுதவில்லை.

"அப்போ இதுக்குப் பின்னால எழுத்து ஒண்ணுமே இல்லையாடா?"

"இருக்குக்கா. நான் இழுக்க இழுக்க அதுவே எழுதிக்கும்."

"என்ன எழுதிச்சுன்னு நீ பார்த்திருக்கியா?"

"நான் எதுக்குப் பார்க்கணும்?"

"காட்டு. எனக்குப் பார்க்கணும்."

தம்பி கொஞ்சம் தேடி, எதையோ அழுத்தினான். பின்புறம் திறந்தது. அக்கா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படிக்கத் தொடங்கினாள்.

"பெட்டி திற. அதுக்குள்ள பெட்டி திற. அதுக்குள்ள இன்னொரு பெட்டி திற. அதுக்குள்ள... ஐயோ, முடியல. கடைசிப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு தெரியுமாங்க? 'வணக்கம்'னு ஒரு வார்த்தை!"

வலைக்காரர் சிரித்துவிட்டார். ஆபரேஷனுக்கு அப்புறம் அதுதான் முதல் சிரிப்பு. "வீடு மாத்தும்போது உங்க அம்மா ஒரு கரண்டியை இப்படித்தான் கட்டிக் குடுத்தாங்க" என்றார். தம்பியும் சிரித்தான். அக்கா மட்டும் ஃபோனை எடுத்து, அதே பக்கத்தைத் திறந்து, எழுத்தைப் பெருசாக்கினாள். எழுத்து பருத்தது, பெட்டிகள் நெகிழ்ந்து ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கின, பட்டன் அப்படியே இருந்தது. பிறகு புருஷன் செய்த பக்கத்தைத் திறந்து பெருசாக்கினாள். எழுத்து வலது பக்கமாகப் பிதுங்கி வெளியே போயிற்று. பட்டனைக் காணோம்.

வலைக்காரர் குனிந்து ஃபோனை உற்றுப் பார்த்தார். 

அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அவன் பக்கத்துல வெளிப்பெட்டிக்கு அகலம்னு என்ன போட்டிருக்கு? படி."

"நூத்துக்கு நூறுன்னு இருக்கு. அப்படின்னா?"

"எவ்வளவு இடம் இருக்கோ அவ்வளவும்னு அர்த்தம். இப்போ என்னோடதுல பாரு."

அவள் தேடினாள். "ஒரு எண் இருக்கு. பெரிய எண்ணா இருக்கு."

"அது இறுகின அகலம். இடம் இருந்தாலும் இல்லன்னாலும் அது அவ்வளவுதான் நிக்கும். அந்தக் காலத்துல எல்லாருக்கும் மேஜைமேல பெரிய திரை. அதுக்கு அளவெடுத்து எழுதினது."

"இது புதுப் பக்கமாச்சே. முந்தாநாள் நான்தானே அடிச்சேன்?"

"மேல் பாகத்தை நீ அடிக்கல. பழைய பக்கத்துலேர்ந்து எடுத்து ஒட்டச் சொன்னேன், ஞாபகம் இல்ல?"

"ஆமா."

வலைக்காரர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத் தளத்துக்கும் அப்படித்தான் ஒட்டியிருக்கேன். முதல் தடவை யோசிச்சு எழுதினேன். அப்புறம் எழுதவே இல்ல. கையால எழுதறேன் கையால எழுதறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு, நானும் பழசை இழுத்துத்தான் போட்டுக்கிட்டிருந்திருக்கேன்." அதைச் சொல்லும்போது அவருக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அக்கா பார்த்தது வேறு: எதையோ தொலைத்த இடம் தெரிந்துவிட்டவர் மாதிரி அவர் கண் கூர்மையாகியிருந்தது.

தம்பிக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. "மாமா, என்னோடதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. உங்ககிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு." ஃபோனைக் காட்டினான். எழுத்தை இன்னும் பெருசாக்கினால், மேலே ஒட்டிக்கொண்டு நிற்கிற தலைப்புப் பட்டை வீங்கி வீங்கித் திரையையே பாதிக்கு மேல் மூடிக்கொண்டது. கீழே இருக்கிற எதையும் படிக்க முடியவில்லை. "இதை ஒட்டாம விடணும். இந்தக் கருவியில அதுக்கு வழியே இல்ல. எல்லா இடத்துலயும் அமுக்கிப் பார்த்துட்டேன். அது விடமாட்டேங்குது."

"சொந்தமா வரி எழுத அதுல ஒரு இடம் இருக்குமே?"

"இருக்கு மாமா. ஆனா எனக்கு எழுதத் தெரியாதே."

வலைக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்தார். வாய் திறந்தார், எப்போதும்போல 'அடி' என்று சொல்லப்போகிறார் என்று அக்கா விசைகளில் விரலை வைத்தாள். அவர் சொல்லவில்லை. அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்தப் பட்டை என்ன பண்ணணும்னு நினைக்கிற?" என்றார்.

அக்கா யோசித்தாள். இவர் தன்னை யோசிக்கச் சொல்கிறார் என்பதே அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "வண்டி மாதிரி சொல்லட்டா? முன்னால லாரி போனா ரோடு தெரியாது. லாரி நம்மகூடவே வராம, நாம போகப் போகப் பின்னால தங்கிடணும்."

"அவ்வளவுதான். ஒட்டாம, ஓட்டத்தோட போன்னு சொல்லணும். அதுக்கு ஒரு வார்த்தை இருக்கு." அந்த வார்த்தையைச் சொன்னார். எங்கே போடுவது என்று அவள் கேட்டுக் கேட்டு அடித்தாள். ஒரு முறை தப்பாகி எல்லாமே கவிழ்ந்தது. அவள் தானே போய் மூடாத குறியைக் கண்டுபிடித்து மூடினாள். பட்டை மேலே போய் மறைந்தது. தம்பி கைதட்டினான். அவன் செய்த பக்கத்தில் வேலையில்லாமல் கிடந்த உள்பெட்டிகளை வலைக்காரர் சொல்லச் சொல்ல அக்கா எடுத்துப்போட்டாள். அதற்கப்புறம் அவர் தளத்துக்குப் போய், அந்தப் பழைய எண்ணை அவளே அழித்தாள். எது கருவியில் இருக்கட்டும், எதைக் கையால் எழுதிவிடலாம் என்று மூவரும் ரொட்டியும் முட்டையுமாகச் சாப்பிட்டுக்கொண்டே வாதாடினார்கள். சத்தம் தெருவுக்குக் கேட்டது.

வாரக் கடைசியில் அக்காவும் அவரும் கண் மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டரம்மா பக்கத்தைத் தான் பார்க்காமல், காத்திருந்த ஒரு பெரியவரிடம் ஃபோனைக் கொடுத்தார். அவர் எழுத்தை எவ்வளவு பெருசாக்க முடியுமோ அவ்வளவும் ஆக்கினார். ஒரு வார்த்தைக்கே திரை நிறைந்தது. மூக்கு நுனியில் ஃபோனை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கினார்.  பட்டன் வந்தது. அழுத்தினார். "செவ்வாய்க்கிழமை குடுத்திருக்கு. எனக்குச் செவ்வாய் தோதுப்படாதே" என்று குறைப்பட்டுக்கொண்டார். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"இது எது சார்? இழுத்துப் போட்டதா, கையால எழுதினதா?"

"பாதி இழுத்தது. மீதி கையால எழுதினது டாக்டர்" என்றார் வலைக்காரர். பட்டை கட்டிய கையை லேசாகத் தூக்கிக் காட்டினார். "என் கை இல்ல, இவ கை."

"அப்போ இப்படியே தொடருங்க. கையையும் பார்த்துக்கோங்க" என்றார் டாக்டரம்மா.

வெளியே மழை விட்டிருந்தது. காரில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா சாவியைப் போடாமல் யோசனையாக இருந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டா? உங்க ஒவ்வொரு பக்கத்தோட அடியிலயும் ஒரு காலிப் பெட்டி இருக்கு. திறந்து உடனே மூடியிருக்கீங்க. உள்ள ஒண்ணுமே இல்ல. அது எதுக்கு?"

"அது இல்லன்னா கீழ இருக்குறது மேல ஏறிக்கும்."

"இப்பவும் ஏறுமா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தினார். அவர் செய்த வேலையைப் பற்றி இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"தெரியல" என்றார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். கையைக் கட்டிய நாளிலிருந்து அந்த முகத்தில் அவள் தேடிக்கொண்டிருந்த துடிப்பு, தெரியாது என்று சொன்ன நேரத்தில்தான் வந்து உட்கார்ந்திருந்தது. அவர் இடது கையால் சீட் பெல்ட்டை அவசர அவசரமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெட்டியை எடுத்துட்டுப் பார்ப்போமா?" என்றாள்.

"பின்ன? வண்டியை எடு, சீக்கிரம்" என்றார்.